தஸ்ஹீப்: ‘பொற்கோலம்’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

பாரசீகச் சுவடிகளை அழகுபடுத்தும் ‘தஸ்ஹீப்’ கலைக்குத் தமிழ்ச்சொல்லாக ‘ஒளியூட்டல்’ என்று வந்த பரிந்துரையை ஏற்கத் தயங்குகிறேன். அது ‘இல்லுமினேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நிழல். அரபியில் பொன்னைச் சுட்டும் ‘தஹப்’ வழியே பிறந்த மூலச்சொல்லில் ஒளி இல்லை, பொன்தான் இருக்கிறது.

வேலையும் அத்தகையதே. தங்க ரேக்கைப் பிசினோடோ தேனோடோ கிண்ணத்தில் இட்டு, விரலால் நெடுநேரம் குழைத்து, நீர் விட்டுத் தெளியவைத்து, அடியில் படியும் பொடியைப் பிசின் நீரில் கரைத்து மெல்லிய தூரிகையால் தீட்டுவார்கள். உலர்ந்தபின் ‘அகேட்’ என்னும் வழவழப்பான கடினக் கல்லால் தேய்த்தால்தான் மினுக்கம் வரும். அதன் அருகே ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலைகளில் கிடைக்கும் நீலக்கல்லை அரைத்தெடுத்த நீலம் நிற்கும்.

‘பொன்வேய்தல்’ பழைய, அழகிய சொல். ஆனால் வேய்ந்தால் முழுப்பரப்பும் மூடப்பட வேண்டும். இங்கோ கொடியும் மலரும் வடிவக் கணிதமும் பின்னிச் செல்கின்றன. ‘சிற்றோவியம்’ அதைவிடத் தவறானது. பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்பின், 258 ஓவியங்கள் கொண்ட ‘ஷாநாமா’ காவியச் சுவடியில் மனிதரும் குதிரையும் ஓவியர் பொறுப்பு. தஸ்ஹீப் உருவம் சாராத அலங்காரம். ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் தைமூர் வம்ச இளவரசர் பாய்சுங்குரின் நூற்கூடத் தலைவராக இருந்த ஜாஃபர், இளவரசருக்கு எழுதிய அறிக்கையிலும் எழுத்தர், ஓவியர், பொன்வேலையர் ஆகியோரின் பணிகள் தனித்தனியாகவே பேசப்படுகின்றன. அந்த இளவரசரின் 1430ஆம் ஆண்டு ஷாநாமாவை ‘நஸ்தாலிக்’ என்ற பாரசீக எழுத்துவகையில் படியெடுத்தவரும் ஜாஃபரே.

ஆகவே ‘பொற்கோலம்’ என்கிறேன். உருவம் வரையாமல் கோட்டாலும் வளைவாலும் வெளியை நிரப்புவதைக் கோலம் என்றே நாம் சொல்கிறோம். வினையாக்கினாலும் இடறாது: பொற்கோலம் தீட்டினார், பொற்கோலச் சுவடி, பொற்கோலக் கலைஞர். சில கோலங்களில் உருவங்களும் வரும் என்ற மறுப்பு எழலாம். அது சொல்லை வீழ்த்தும் அளவுக்குப் பெரிய மறுப்பன்று. ‘பொன்னணி’யும் நல்ல சொல்தான், எனினும் கேட்டவுடன் நகைக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

தொடக்கப் பக்கத்தின் கதிர்வட்டமான ‘ஷம்சா’வுக்குச் ‘சுடர்வட்டம்’ போதும். ஓரங்களில் பொன்கோட்டால் விலங்குகளையும் பறவைகளையும் வரையும் ‘தஷ்ஈர்’ மட்டும் பொற்கோலத்தில் அடங்காது. அதற்குப் ‘பொற்கோட்டுச் சித்திரம்’ என்று எழுதிப் பார்த்தேன், சற்று நீளம். இதைவிடக் குறுகிய சொல் உங்களிடம் இருந்தால் அதையே ஏற்கலாம்.