மறுமொழி: ஆல்டர்னேட்டிங் பேஸுக்கு "பெருவிரல் நடை" வேண்டாம், "மாறுமந்தரம்" வைக்கலாம்

எல்லோருக்கும் வணக்கம்.

கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைல் (விரலால் மீட்டும் பாணி), ஆல்டர்னேட்டிங் பேஸ் (அதில் கீழ்ச் சுரங்கள் மாறி மாறி வருவது) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். தக்கலை அண்ணன், நாகர்கோவில் ஐயா, வீணை வாசிக்கிற அக்கா, மூன்று பேர் சொன்னதிலும் எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. நான் மார்த்தாண்டம் பக்கம் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவன். வகுப்பில் ஒரு பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே நான் வாயால் சொல்லி அது கேட்டுத் திருத்திக்கொள்கிற அளவுக்குச் சின்னதாக, தெளிவாகச் சொல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு முதல் கவலை.

> ஃபிங்கர்ஸ்டைல் = விரல்நடை, ஆல்டர்னேட்டிங் பேஸ் = பெருவிரல் நடை. ஒரே குடும்பமாக இருப்பதால் நினைவில் நிற்கும்.

அண்ணன், நினைவில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் "நடை" தாளத்தில் ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. சதுஸ்ர நடை, திஸ்ர நடை, கண்ட நடை என்று மிருதங்கம் படிக்கிற பிள்ளை தினமும் சொல்கிறது; ஓர் அட்சரத்தை உள்ளே நாலாக, மூன்றாக, ஐந்தாக எப்படிப் பிரிக்கிறோம் என்பது அங்கே நடை. அதே பிள்ளை கிட்டார் வகுப்புக்கு வந்தால் "விரல்நடையைத் திஸ்ர நடையில் வாசி" என்று நான் சொல்ல வேண்டிவரும். ஒரு துறைக்குள் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வருவதைத் தவிர்க்க முடியாவிட்டால் பொறுத்துக்கொள்ளலாம், இங்கே தவிர்க்க முடியும்.

ஃபிங்கர்ஸ்டைலுக்கு "விரல்மீட்டு" போதும் என்று நினைக்கிறேன். பிக் என்கிற சின்னத் தகட்டை வைத்துத் தட்டாமல் விரலால் மீட்டுகிறோம், அவ்வளவுதான் அந்தச் சொல் சொல்ல வேண்டும். வீணையும் விரலால்தானே மீட்டுகிறார்கள் என்று அக்கா கேட்டிருந்தீர்கள். ஆமாம், அதனால்தான் அந்தப் பொதுச்சொல்லின் மேல் அதிகப் பாரம் ஏற்ற வேண்டாம் என்கிறேன். இந்தப் பாணியின் தனித்தன்மை விரலில் இல்லை. ஒரே ஆள் ஒரே கிட்டாரில் கீழே பேஸ் (கீழ்ச் சத்தம்), நடுவில் கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்), மேலே ட்யூன் என்று மூன்றையும் ஒன்றாக நடத்துவதில் இருக்கிறது. நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் பாதிப் பேர் கோயில் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரிந்து நின்று பாடி வளர்ந்தவர்கள். "அந்த நாலு வரிசையையும் நீ ஒருத்தனே வாசிக்கப் போகிறாய்" என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

சரி, முக்கியமான சண்டை ஆல்டர்னேட்டிங் பேஸ்தான்.

முதலில் அது என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இழையில் கிட்டார் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். நாலு எண்ணிக்கைக்கு நாலு பேஸ் சுரம், நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். ஒரே சுரமாக வராது, இரண்டு மூன்று தந்திகளுக்கு இடையில் மாறி மாறி வரும். தடித்த தந்தியை ஆறாவது என்று எண்ணினால், சி கார்டில் ஐந்து, நாலு, ஆறு, நாலு. ஜி கார்டில் ஆறு, நாலு, ஐந்து, நாலு. இதன் மேல் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ட்யூனை வைக்கும், அதிலும் பாதி சுரங்கள் எண்ணிக்கையின் மேல் விழாமல் இரண்டு எண்ணிக்கைக்கு நடுவில் விழும். அந்த இழுபறியில்தான் ஒரு கிட்டார் இரண்டு கிட்டார் மாதிரிக் கேட்கிறது.

இதைப் "பெருவிரல் நடை" என்று வைத்தால் நடை மட்டும் பிரச்சினை இல்லை, பெருவிரலும் பிரச்சினை. எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்கக் கறுப்பினப் பெண்மணி, வட கரோலினாக்காரர், இடதுகைக்காரர். வலதுகைக் கிட்டாரைத் தந்தி மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். அதனால் அவர் கையில் பேஸைப் பார்த்துக்கொண்டது மற்ற விரல், ட்யூனை வாசித்தது பெருவிரல்! சிறு வயதில் அவர் உருவாக்கிய 'ஃபிரெய்ட் டிரெயின்' இன்றைக்கு உலகம் முழுக்க இந்தப் பாணியைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் எடுக்கிற உருப்படிகளில் ஒன்று. அந்த அம்மா வாசித்ததை உள்ளே சேர்க்க முடியாத ஒரு சொல்லை நாம் இந்தப் பாணிக்கு வைக்கக் கூடாது.

இந்தப் பாணிக்கு ஆங்கிலத்தில் பரவலாக இருக்கிற "டிராவிஸ் பிக்கிங்" என்ற பெயரையே ஒலிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மெர்ல் டிராவிஸ் பெரிய கலைஞர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் 1917-இல் பிறந்த கென்டக்கியின் முலன்பர்க் கவுண்டியில் அது ஒரு வட்டாரப் பாணி. மோஸ் ரேகர், ஐக் எவர்லி போன்ற உள்ளூர்க்காரர்களிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது, அவர்களுக்கும் முன்னால் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் செல்வாக்கு அந்தப் பகுதி முழுக்க இருந்தது. ஒரு ஊரே சேர்ந்து வளர்த்ததை ஒருவர் பெயரில் தமிழிலும் எழுதிவைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்புறம் செட் அட்கின்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கிட்டார் கலைஞர். சின்சினாட்டி வானொலியில் டிராவிஸ் வாசித்ததை இளம் வயதில் காதால் மட்டும் கேட்டவர் அவர், கையைப் பார்க்கவில்லை. டிராவிஸ் பெரும்பாலும் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் வைத்து வாசித்தார். அட்கின்ஸ் இத்தனை சத்தம் வர வேண்டுமானால் இன்னும் விரல்கள் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மற்ற விரல்களையும் சேர்த்தே பழகி, அதையே தன் பாணியாக்கினார். இருவருடைய விரல் கணக்கும் வேறு வேறு, கேட்கிறவனுக்குப் பேஸ் மாறி மாறி வருவது ஒன்றுதான். ஆகவே சொல் கையின் பெயரைச் சொல்ல வேண்டாம், காதில் விழுவதைச் சொல்லட்டும்.

> வீணையில் தாளத்தந்தி இருக்கிறதே, அதையே எடுத்துக்கொண்டால் என்ன?

அக்கா, இதைப் படித்ததும் மிகவும் சந்தோஷப்பட்டேன், ஏனென்றால் ஒரே கையில் இரண்டு வேலை என்பது வீணைக்காரர்களுக்குப் புதிதே இல்லை: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வாசிப்புத் தந்தியில், சுண்டுவிரல் தாளம் காட்டப் பக்கத்தில் தனியாக இருக்கிற தாளத்தந்தியில். என் வகுப்புக்கு வந்தவர்களில் வீணை படித்தவர்கள் வலக்கையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் தாளத்தந்தி மூன்றும் ஷட்ஜமும் பஞ்சமமும்தான் சொல்லும், ராகம் எதுவானாலும் மாறாது. கிட்டாரில் கார்டு மாறினால் பேஸும் மாற வேண்டும், மாறாவிட்டால் தப்பு. இன்னொன்று, தாளத்தந்தி கீழ்ச் சத்தம் இல்லை, மேல் ஷட்ஜம் வரைக்கும் போகிறது. நமக்கு வேண்டியது கீழ்ச் சத்தத்தின் பெயர். அதுவும் உங்கள் வீணையின் நாலு வாசிப்புத் தந்திகளின் பெயரிலேயே இருக்கிறது: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். மந்தர ஸ்தாயி என்றால் கீழ் ஸ்தாயி என்பதும் பாட்டு படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதிலிருந்துதான் மாறுமந்தரம் என்று சொல்கிறேன்.

கீழ் ஸ்தாயிக்கு "மெலிவு" என்ற பழந்தமிழ்ச் சொல்லை யாரும் முன்வைக்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். வலிவு, சமன், மெலிவு என்று மூன்று ஸ்தாயிக்கும் அழகான தமிழ் இருக்கிறது, ஆனால் இன்றைக்கு மெலிவு என்றால் சோர்ந்துபோனது என்றுதான் காதில் விழும். பாட்டையே தாங்கி நிற்கிற சத்தத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. "மாறடி"யையும் யோசித்தேன், சின்னதாக இருக்கிறதே என்று. சொல்லிப் பாருங்கள், மாரடி என்று கேட்கும், துக்க வீட்டு ஞாபகம் வரும். விட்டுவிட்டேன். மாறுமந்தரத்திலும் ஒரு குறை உண்டு, சிலர் "மந்திரம்" என்று எழுதிவிடுவார்கள். முதல் வகுப்பிலேயே ஆறாவது தந்தியை மீட்டிக் காட்டி "இது மந்தரம்" என்று சொல்லிவிட்டால் சரியாகிவிடும்.

நாகர்கோவில் ஐயா சிலப்பதிகாரத்துக் கானல்வரியிலிருந்து "உறழ்தல்" எடுத்துக் கொடுத்திருந்தார். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல் என்று யாழ் மீட்டும் எட்டு வகை அங்கே வருகிறது. ஒரு நரம்பு, இரண்டு நரம்பு விட்டு மீட்டுவதை உறழ்தல் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். ஐயா, இந்தச் சொல்லை இழக்கக் கூடாது. ஆனால் மாறுமந்தரத்தில் தந்தி விட்டுத் தாவுவது கட்டாயமில்லை, சி கார்டில் ஐந்து நாலு ஐந்து நாலு என்று பக்கத்துத் தந்தியிலேயே வாசித்தாலும் அது மாறுமந்தரம்தான். கார்டைப் பிரித்து, நடுவில் தந்தி விட்டு விட்டு மீட்டுகிற ஆர்ப்பெஜியோ வகை ஒன்று இருக்கிறதே, அதற்கு "உறழ்மீட்டு" அச்சு அசலாகப் பொருந்துகிறது. அந்த வேலையை அதற்குக் கொடுக்கலாமா?

வகுப்பில் இது எப்படிப் பயன்படும் என்றும் சொல்ல வேண்டும். இந்த உருப்படிகளைப் படிக்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் எல்லோருக்கும் ஒன்றுதான்: ட்யூனில் ஒரு சுரம் எண்ணிக்கைக்கு நடுவில் வந்ததும் பெருவிரலும் அதோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ட்யூனைத் தொடவே விடாமல் மாறுமந்தரம் மட்டும், மெட்ரோனோமை (எண்ணிக்கை தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்து, வாசித்துக்கொண்டே என்னோடு சாப்பாட்டைப் பற்றியோ பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பேச முடிகிற வரைக்கும் வாசிக்கச் சொல்வேன். பிறகு ட்யூனில் பேஸோடு சேர்ந்து விழுகிற சுரங்கள் மட்டும். கடைசியில்தான் நடுவில் விழுகிறவை, ஒன்றொன்றாக. உள்ளங்கையின் ஓரத்தைக் குதிரைமேல் (தந்திகளைத் தாங்கும் கட்டை) லேசாக வைத்துப் பேஸை அமுக்கினால் ட்யூன் தனியாக மேலே வரும். குதிரை என்ற சொல்லும் வீணையிலிருந்து சும்மா கிடைத்தது, இங்கே அதையே சொல்கிறோம். குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லை, கடல் காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடித்து மங்கிப்போகும், மந்தரத் தந்திகள் மங்கினால் சத்தம் தொப்பென்று விழும். வாசித்ததும் துணியால் துடைத்து உறைக்குள் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மேடையில் இதன் அருமை இன்னும் தெரியும். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் தனியாகக் கிட்டார் வாசிக்கும்போது ட்யூனில் ஒரு சுரம் தவறினால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, மந்தரம் ஒரு எண்ணிக்கை நின்றால் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்துவிடும். அதனால் தடுமாறினால் ட்யூனை விட்டுவிடு, மந்தரத்தை விடாதே என்பேன். இப்படி ஒரு வாக்கியத்தைத் தமிழிலேயே சொல்ல முடிகிறது என்பதற்காகவே எனக்கு இந்தச் சொல் வேண்டும்.

மூன்று எண்ணிக்கைப் பாட்டுக்கு என்ன செய்வது என்று அண்ணன் கேட்டதற்கும் பதில் இதிலேயே வரும். முதல் எண்ணிக்கையில் மட்டும் மந்தரம், மற்ற இரண்டில் கார்டு. அடுத்த சுற்றில் மந்தரம் வேறு தந்திக்கு மாறும். சுற்றுக்குச் சுற்று மாறினாலும் மாறுமந்தரம்தான். ரூபக தாளக் கீர்த்தனைகளை இப்படி அமைத்தால் நன்றாக உட்காருகிறது.

கிட்டார்க் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டுக்கு "மெட்டு" என்பதில் எனக்கு மறுப்பில்லை. பாட்டு மெட்டோடு குழம்பும் என்றார்கள். "மூணாவது மெட்டு" என்று எண்ணோடு சொல்லும்போது யாரும் குழம்ப மாட்டார்கள். சுதியை ஏற்றக் கழுத்தில் மாட்டும் கவ்வியான கேப்போவை கேப்போ என்றே விடுங்கள்.

நம் சொல் அட்டவணையில் ஏற்ற என் வரைவு: மாறுமந்தரம் – விரல்மீட்டுக் கிட்டாரில், கார்டின் கீழ்ச் சுரங்களை இரண்டு அல்லது மேற்பட்ட தந்திகளில் மாறி மாறி, தாள எண்ணிக்கையோடு ஒட்டித் தொடர்ந்து ஒலிக்கச் செய்வது. எந்த விரல் என்று வேண்டுமென்றே எழுதவில்லை. திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்கப்புறம் ஏற்றிவிடுகிறேன்.

அக்காவிடம் ஒரு கேள்வி மட்டும் பாக்கி. டிராவிஸ் பெருவிரலில் மாட்டிக்கொண்ட தம்ப் பிக்குக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. வீணைக்காரர்களில் சிலர் விரலில் கம்பி வளைத்து மாட்டிக்கொள்கிறார்களே, அதை உங்கள் ஆசிரியர் வகுப்பில் என்ன சொல்லிக் கூப்பிடுவார்?