கவாகோயேயின் இச்சிபாங்காய் வீதி: மனத்தை விட்டு அகலாத அனுபவங்களைப் பகிருங்கள்

சைத்தாமாவாசி

ஜப்பானில் தோக்கியோவுக்கு அருகே கவாகோயே நகரில் இருக்கும் இந்தப் பழைய கடைவீதிக்கு எப்படிப் போவது, சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் எங்கே நன்றாக இருக்கும் என்பதையெல்லாம் பலரும் எழுதிவிட்டார்கள். நான் ஒரே ஒரு கதவைப் பற்றி எழுதுகிறேன்.

ஆகஸ்டு மாத வெயிலுக்கு ஒதுங்கி ஒரு பழைய கடைக்குள் நுழைந்திருந்தேன். மாடிச் சன்னலின் மண்கதவுகளை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்த கடைக்காரப் பெரியவர், பின்கட்டில் இருந்த கிடங்கின் வாசலுக்கு என்னை அழைத்துச் சென்றார். மரச்சட்டத்தின் மேல் மண்ணை ஒவ்வோர் அடுக்காக அப்பி, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு அடுத்ததைப் பூசி, இறுதியில் கறுப்புச் சுண்ணச்சாந்தால் மெருகேற்றிய இரட்டைக் கதவு அது. இரண்டு கதவுகளின் விளிம்புகளும் படிக்கட்டைப் போல வெட்டப்பட்டிருந்தன. மூடும்போது ஒரு கதவின் படிகள் மற்றதன் படிகளில் போய் அமரும். தள்ளிப் பாருங்கள் என்றார். முதலில் அது அசையவே இல்லை. அசையத் தொடங்கிய பின்னர், அதன் பாரமே அதை இழுத்துச் சென்றது. படிகள் ஒன்றோடொன்று பொருந்திய கணத்தில், வெளியே ஓடிய பேருந்தின் இரைச்சலும் பயணிகளின் பேச்சும் அறுந்துபோயின.

தீ நெருங்கும்போது இப்படிக் கதவை மூடி, எஞ்சிய இடுக்கிலும் ஈரமண்ணை அப்பி அடைத்துவிட்டுத்தான் வீட்டார் வெளியேறுவார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் என்னை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. கதவின் கீழ்மூலையில் ஓடிய ஒரு விரிசலைக் காட்டிய பெரியவர், அதை முன்பு பூசித் தந்த கொத்தனார் இறந்துவிட்டதாகவும், அந்த வேலையை அவசரமின்றிச் செய்யக்கூடிய ஆளைத் தேடுவதே இப்போது பெரும்பாடாக இருப்பதாகவும் சொன்னார். பிறகு, "உங்கள் நாட்டில் மண் பூசத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள், ஆனால் குறைந்துவருகிறார்கள் என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

தாமரைக்குளம்

எனக்கு நினைவில் நிற்பது மணிக்கூண்டு. பிற்பகல் மூன்று மணி அடிப்பதற்குச் சற்று முன்பு, அந்தக் குறுகிய சந்தில் ஏராளமானோர் கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார்கள். மூன்றாம் நிலையில் ஒரு மனிதர் தோன்றி மணியை அடிப்பார் என்று என் மகளும் நானும் எதிர்பார்த்திருந்தோம். யாரும் தோன்றவில்லை, மணியை மோதும் மரக்கட்டை தானாகவே பின்வாங்கி முன்னோக்கிப் பாய்ந்தது. "அங்கே யாரும் இல்லையே அம்மா" என்றாள் மகள். கூட்டத்தில் பலர் உடனே கைப்பேசிகளை இறக்கிவிட்டுக் கலைந்தார்கள்.

ஆனால் எங்களுக்குப் பக்கத்தில் காய்கறிப் பையுடன் நின்ற ஓர் உள்ளூர்ப் பெண்மணி, கடைசி ஓசையும் ஓடுகளின் மேல் பரவித் தேய்ந்து முடியும் வரை கண்களை மூடி நின்றிருந்தார். அவருக்கு அது அன்றாடம் கேட்கிற ஓசைதானே, ஆயினும் நின்றார். இயந்திரம் அடித்த மணிக்கு அவ்வளவு மரியாதை ஏன் என்ற கேள்வி எனக்குள் இன்னமும் தீரவில்லை. பழமை என்று நாம் போற்றுவதில் ஒரு பகுதி இயந்திரத்தால் ஒப்பேற்றப்படுவது எனக்கு ஏமாற்றமளித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேலைவீதி

தாமரைக்குளம் அவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 17-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரை ஆண்ட சாக்காய் தாதாகாத்சு முதன்முதலில் அங்கே மணிக்கூண்டை எழுப்பியது, ஊர்மக்களுக்கு நேரத்தைத் தெரிவிப்பதற்காகத்தான். இன்று நிற்பது, 1893 மார்ச் 17 அன்று ஏற்பட்ட பெருந்தீயில் முந்தைய கூண்டு அழிந்த பின்னர், மறு ஆண்டே எழுப்பப்பட்டது; ஏறத்தாழ 16 மீட்டர் உயரம். 1300-க்கும் மேற்பட்ட வீடுகளை, அதாவது ஊரின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்து நின்ற மக்கள், அதைத் தள்ளிப்போடவில்லை. காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, பிற்பகல் மூன்று, மாலை ஆறு என நாள்தோறும் நான்கு முறை தவறாமல் ஒலிப்பதே அந்த மணியின் கடமை. அடிப்பது கையா, மின்விசையா என்பது அந்தப் பெண்மணிக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

என் அனுபவம் சிறியது. ஓசாவா குடும்பத்தின் வீட்டுக்கு எதிர்ப்புறம் நின்று அதன் முகப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பள்ளிச் சிறுவன் தன் நண்பனிடம், "இது மட்டும் எரியவில்லை, அதனால்தான் மற்றவை எல்லாம் இதைப் போல ஆயின" என்று விளக்கினான். 1792-இல் ஒரு துணி வணிகர் கட்டிய அந்த வீடு, சுற்றிலும் எல்லாம் சாம்பலானபோது தப்பி நின்றது. அதையும் அதைப் போன்று தப்பிய ஒரு சிலவற்றையும் கண்ட வணிகர்கள், தம் கடைகளை மண்சுவர்க் கிடங்கு பாணியில், அதாவது குராசுகுரியாகக் கட்டத் துணிந்தார்கள். ஒரு வீதியின் முழு வரலாற்றையும் அச்சிறுவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

இனிப் போகவிருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கடைகளின் கீழ்த்தளத்தை மட்டும் பார்த்து நடந்தால் எந்தச் சுற்றுலாத் தலத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. கண்களை மாடிக்கும் அதற்கு மேலே கூரை முகட்டுக்கும் உயர்த்துங்கள். வீட்டின் அளவுக்குப் பொருந்தாத அளவு பருத்த முகடும், அதன் இரு முனைகளிலும் நிற்கும் பெரிய அரக்கமுக ஓடுகளும் வணிகரின் செல்வநிலையை ஊருக்கு அறிவித்தவை. அடுத்து, இரண்டு கட்டடங்களுக்கு இடையே பக்கச் சுவரைப் பாருங்கள். தெருவை நோக்கிய பக்கத்துக்குத் தந்த மெருகைப் பக்கத்துக்கும் தந்தார்களா என்பது அங்கேதான் தெரியும். வார இறுதியைத் தவிர்த்து, கடைகள் திறப்பதற்கு முன்பே போய்ச் சேருங்கள். வெறும் வீதியைப் பார்த்துவிட்டு, பிறகு கடைகள் ஒவ்வொன்றாகத் திறப்பதையும் பாருங்கள். 1918-இல் ‘85-ஆம் வங்கி’ என்ற பெயருடைய வங்கிக்காகக் கட்டப்பட்ட, பச்சைக் குவிமாடக் கோபுரம் கொண்ட மேலைநாட்டுப் பாணிக் கட்டடத்தை இவ்வீதிக்கு அந்நியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். கறுப்புச் சுவர்களைக் கட்டிய அதே வணிகச் செல்வத்தின் அடுத்த தலைமுறை அது. ஷிங்காஷி ஆற்றில் படகேறி எதோவுக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்குப் போன நெல்லும் கிழங்கும் மரமும் ஈட்டித் தந்த பணம் இந்தச் சுவர்களில் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டு பார்த்தால் நடை தானாகவே மெதுவாகும்.

கார்த்திகைவிளக்கு

அக்டோபர் மாதத்தின் மூன்றாம் வார இறுதியில் நடக்கும் தேர்த் திருவிழாவைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். 2016-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஜப்பானின் 33 தேர்த் திருவிழாக்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது, இதுவும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது.

இரவில் இரண்டு தேர்கள் எதிரெதிரே வந்து, தம் மேடைகளை ஒன்றையொன்று நோக்கித் திருப்பிக்கொண்டு இசைக்கும் நிகழ்வை ஹிக்காவாசே என்கிறார்கள். எதிர்த்தேரின் தாளம் எவ்வளவு அருகில் எவ்வளவு உரக்க ஒலித்தாலும், தன் தாளத்தை விட்டுவிடாமல் வாசிக்க வேண்டும். நான் நின்ற இடத்துக்கு நேர்மேலே ஒரு சிறுமி குழல் வாசித்துக்கொண்டிருந்தாள். எதிர்த்தேரின் மேளம் நெருங்க நெருங்க, அவள் பார்வையைத் தன் தேரின் மேளக்காரருடைய கைகளிலேயே நிறுத்தினாள். முகமூடியணிந்த நரி ஆடியது, விளக்குகள் உயர்ந்து தாழ்ந்தன, கூட்டம் ஆர்ப்பரித்தது; அவள் பார்வை மட்டும் அந்தக் கைகளை விட்டு நகரவில்லை. இருபுறமும் உயர்ந்து நின்ற கறுப்பு முகப்புகளின் நடுவே, இரண்டு தாளங்களும் கலந்துவிடாமல் தனித்தனியே என் காதில் விழுந்தன. தேர்கள் பிரிந்து சென்ற பிறகே அவள் குழலை இறக்கி மூச்சு வாங்கினாள்.

இது சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சி மட்டுமே என்று எவரேனும் சொன்னால் அந்தச் சிறுமியின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. இத்தனைக்கும் அவள் எங்களை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

நெல்லிமரம்

கார்த்திகைவிளக்கு அவர்களே, திருவிழா நாளை வைத்து ஆண்டு முழுவதையும் மதிப்பிடலாகாது. பெருந்தொற்றுக்கு முந்தைய காலத்திலேயே கவாகோயேவுக்கு ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்துகொண்டிருந்தார்கள். வீதியின் நீளமோ ஏறத்தாழ 400 மீட்டர்தான். அதிலேயே பேருந்துகளும் மகிழுந்துகளும் ஓடுகின்றன.

நான் கண்டது இது. கையில் பலகாரத்துடன் நடந்த ஒரு கூட்டம் ஒரு கடையின் முகப்புச் சுவரில் சாய்ந்து நின்று படமெடுத்தது. அவர்கள் நகர்ந்த பின் கறுப்புப் பூச்சில் எண்ணெய் படிந்த ஒரு கைத்தடம் தெரிந்தது. கடையிலிருந்து வந்த பெண், துணியைக் கொண்டு அதை அழுத்தித் துடைக்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தார். அழுத்தித் தேய்த்தால் மெருகு போய்விடும் என்பது அவர் கை நகர்ந்த விதத்திலேயே தெரிந்தது. அடுத்த கூட்டம் அதே இடத்தில் வந்து நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். மண் பூச ஆளில்லை என்று முதல் பதிவில் படித்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் நினைவில் எழுந்தது. மேலைவீதி அவர்கள் எங்கே பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதினார். எங்கே கை வைக்கக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

மேலைவீதி

அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கூட்டமே இல்லாத காலத்தையும் இந்த வீதி பார்த்திருக்கிறது. தொடர்வண்டி நிலையங்கள் தெற்கே அமைந்தன. படகுப் போக்குவரத்து முடிந்தது. வணிகம் நிலையங்களை நோக்கி நகர்ந்தது. 1970-களில் இங்கே பல கடைகள் வாடிக்கையாளர் இன்றி வாடின, பழைய முகப்புகளைப் பலகைகளால் மறைத்தவர்களும் இடித்தவர்களும் உண்டு. எதோ என்னும் பழைய தோக்கியோவில் இந்தப் பாணிக் கடைகள் 1923 நிலநடுக்கத்திலும் போர்க்காலக் குண்டுவீச்சிலும் ஏறக்குறைய முற்றிலும் அழிந்தன. இங்கேயோ அவற்றை அழிக்கவிருந்தது வெறிச்சோடிய தெரு. அந்த நிலையையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

செங்கல்சூளை

நான் கட்டடப் பணியில் இருப்பவன்; வேலை நிமித்தமாகவே இச்சிபாங்காய்க்குப் போனேன். கூட்டமா, வெறிச்சோடலா என்ற விவாதத்தில் இந்த வீதியைக் காப்பாற்றியவர்களைப் பற்றிய பேச்சு வராததால் எழுதுகிறேன்.

1983-இல் ஊர்மக்கள் குரா நோ காய் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1987-இல் கடைக்காரர்களும் குடியிருப்போரும் வல்லுநர்களும் சேர்ந்த குழு ஒன்று உருவானது. மறு ஆண்டு அவர்கள் 67 கூறுகள் கொண்ட கட்டட நெறிமுறையை வகுத்தார்கள். 1992-இல் மின்கம்பிகள் நிலத்தடிக்குச் சென்றன. அரசு இப்பகுதியைப் பாதுகாக்க வேண்டிய மரபுக் கட்டடத் தொகுதியாக ஏற்றது 1999-இல்தான்; அதற்கு முன்னரே வேலையைத் தொடங்கியவர்கள் அங்கே கடை வைத்திருந்தவர்கள்.

நான் மறக்க முடியாத கணம் ஒரு வரைபட மேசையில் நிகழ்ந்தது. ஒரு கடையின் பின்பகுதியில் புதிய கட்டுமானம் எழுப்பும் திட்டத்தை அதன் உரிமையாளர் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், முதிய மனிதர், வரைபடத்தின் மேல் விரலை வைத்து, தன் வீட்டு முற்றத்துக்குக் குளிர்காலத்தில் வெயில் எந்த நேரத்தில் எந்தக் கோணத்தில் வருகிறது என்று ஒரு கோடு இழுத்துக் காட்டினார். முன்பக்கம் கடை, அதன் பின்னே வீடு, இடையே முற்றம் என்ற ஒழுங்கு அடுத்தடுத்த மனைகளில் ஒத்திருந்தால்தான் எல்லோருக்கும் வெளிச்சமும் காற்றும் கிடைக்கும் என்பதை அவர் எந்த நூலையும் மேற்கோள் காட்டாமல் விளக்கினார். உரிமையாளர் சிறிது நேரம் அந்தக் கோட்டையே பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்துத் தன் கட்டடத்தின் பின்சுவரை உள்ளே தள்ளி வரைந்தார். இடத்தை இழக்கிறோமே என்ற வருத்தம் அவர் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது, ஆயினும் வரைந்தார்.

சைத்தாமாவாசி அவர்களே, அந்தப் பெரியவரின் கதவு விரிசலைப் பற்றி ஒன்று. அது மேற்பூச்சில் மட்டும் ஓடும் விரிசலா, உள்மண் வரை இறங்கியதா என்று முதலில் பார்க்க வேண்டும். மேற்பூச்சாக இருந்தால் அடுத்த மழைக்காலத்துக்கு முன் அடைத்துவிடலாம். உள்ளே இறங்கியிருந்தால் அந்த மூலையை மண்ணோடு பெயர்த்தெடுத்து, அடுக்கடுக்காக மீண்டும் கட்ட வேண்டும். பெயர்த்த பழைய மண்ணை வீசிவிடாமல், புதிய வைக்கோலும் நீரும் சேர்த்துப் புளிக்கவிட்டு அதையே திரும்பப் பயன்படுத்தலாம். நீங்கள் மறுபடியும் அந்தப் பக்கம் போனால், எந்தக் கடை என்று எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள்.