கார்மண்ட் சுப்பவைசரின் தொல்லை: சிங்களத்தில் எழுதினதில் கையெழுத்து வைக்கலாமா?

மஸ்கெலியா அக்கா:
என் தங்கச்சி பியகமவில் கார்மண்டில் (ஆடைத் தொழிற்சாலையில்) தையல் மெஷின் ஓட்டுகிறாள். தையலைப் பார்க்கிற சாட்டில் சுப்பவைசர் தோளில் கை வைக்கிறான், ஓவர்டைம் முடிந்து, தங்கியிருக்கிற போடிங்குக்குப் போகும்போது பின்னாலேயே வருகிறான். இவள் முறைத்த நாளிலிருந்து டார்கெட்டையும் கூட்டிவிட்டான். எச்.ஆரில் போய்ச் சொன்னதற்கு, ஒரு மிஸ் சிங்களத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்து கேட்டாராம். இவளுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. வைக்காமல் லீவு சொல்லி வந்துவிட்டாள். அம்மா, "வேலையும் வேணாம், பொலிசும் வேணாம், நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாங்க" என்று அழுகிறார். 5 வருஷம் முடிய இன்னும் கொஞ்சம்தான், இப்போது விட்டால் 5 வருஷம் முடித்தால் வருகிற கிரெடியூட்டிப் பணமும் போய்விடும்.

அட்டன் முன்னாள் ஜுகி:
வாசிக்க முடியாததில் கையெழுத்து வைக்கவே கூடாது. நானும் ஜுகி தையல் மெஷின் ஓட்டினவள்தான். கட்டுநாயக்க கார்மண்டில் எங்கள் லைனிலும் மலையகத் தோட்டத்துப் பிள்ளைகள் பக்கம்தான் கை நீளும். வீடு தூரம், பாஷை குறைவு, கேட்க ஆளில்லை என்கிற கணக்கு. அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியுது.

நடந்ததைத் தங்கச்சியே தமிழில் எழுதட்டும்: நாள், நேரம், அவன் சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றது யார். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு கம்பனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். லீவு ஏன் என்றும் அதிலேயே எழுதுங்கள், பிறகு "சொல்லாமல் நின்றுவிட்டாள்" என்று கதை கட்ட முடியாது. ராஜினாமா மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இது வெறும் கம்பனி விஷயம் இல்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவு குற்றம், 5 வருஷம் வரை சிறை. வேலைத்தளத்தில் அதிகாரத்தில் உள்ளவன் வெறும் வார்த்தையால் தொந்தரவு செய்தாலும் அதற்குள் வரும். பொலிசில் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேளுங்கள். முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்டணும். எழுத ஆளில்லை என்றால் தமிழில் நீங்களே எழுதிக் கொடுக்கலாம். போகுமுன் 1938க்கு எடுத்துப் பேசுங்கள், அது பெண்களுக்கான அரச உதவி இலக்கம்.

நுவரெலியா தம்பி:
அலைச்சல்தான் மிச்சம் அக்கா. வேறு கார்மண்ட் பார்த்துப் போகலாமே?

அட்டன் முன்னாள் ஜுகி:
தம்பி, அவள் போனால் அந்த மெஷினுக்கு இன்னொரு தோட்டத்துப் பிள்ளைதான் வரும். அவன் அங்கேயேதான் நிற்பான்.

மஸ்கெலியா அக்கா:
அம்மாவிடம் பேசினேன், கடிதம் மட்டும் என்றால் சரி என்கிறார். பக்கத்து மெஷினில் இருப்பது சிங்களப் பிள்ளை, எல்லாம் பார்த்திருக்கிறாள். சாட்சி சொல்வாளா?

அட்டன் முன்னாள் ஜுகி:
தங்கச்சியையே கோல் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அவளிடமும் அவன் வாலாட்டியிருப்பான். இப்போதைக்கு அவளைக் கேட்காமல் பெயரைக் கடிதத்தில் போடாதீர்கள், அவளும் அதே லைனில்தான் சம்பளம் வாங்கணும்.