மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கண்ட ஆங்கிலச் சுருக்கங்கள்: எது எங்கே மாட்டிவிடும்?

தோட்டக் கிராணி (எழுத்தர்):
முதல் தகராறு பெயரில்தான். பழைய பிறப்புப் பத்திரத்தில் எஸ்/ஓ, டி/ஓ. ஐசியில் (அடையாள அட்டையில்) ஏ/எல், ஏ/பி, அதாவது மலாயில் அனாக் லெலாக்கி (மகன்), அனாக் பெரம்புவான் (மகள்). பொருள் ஒன்றே, கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வேறு பெயர். விமான டிக்கெட் பாரங்கள் பெரும்பாலும் சாய்கோட்டை ஏற்பதில்லை. பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில் 44 எழுத்துக் கொண்ட இரண்டு வரி இருக்கும். அதில் சாய்கோடே வராது. அங்கே பெயர் எப்படி விழுந்திருக்கிறதோ, அப்படியே தட்டுங்கள். அப்பா பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சம்பளச் சீட்டில் சேமநிதியான இபிஎஃப்தான் மலாயில் கேடபிள்யூஎஸ்பி, சமூகப் பாதுகாப்பு நிதியான சொக்சோதான் பெர்கேசோ. சீட்டு மலாய்க்கு மாறும் மாதம் “புதுசா என்ன வெட்டுறாங்க?” என்று கேட்பார்கள். தொகையைப் போன மாதச் சீட்டோடு ஒப்பிட்டுக் காட்டினால் போதும்.

செம்பனை மில் எடைப்பாலம்:
எஃப்எஃப்பி என்றால் செம்பனைக் குலை; மலாய்ச் சீட்டில் பிடிஎஸ். எஃப்எஃப்ஏ என்பது எண்ணெயில் உள்ள அமிலம். கடைசி எழுத்து மட்டும்தான் வேறு, கையால் எழுதினால் கட்டம் மாறிவிடும். டன்னில் இருந்தால் குலை, விழுக்காட்டில் இருந்தால் அமிலம். வெட்டிய குலை அடிபட்டுக் கிடக்கக் கிடக்க அமிலம் ஏறும்.

கிளினிக் டிரசர் (மருத்துவ உதவியாளர்):
கிராணி அண்ணே சொன்னது காகிதத்தோடு போகும். மருந்துச் சீட்டில் தவறினால் உடம்புக்கு ஆபத்து. பிடி என்றால் நாளுக்கு 2 வேளை, டிடிஎஸ் 3 வேளை. ஓடி ஒரு வேளை. ஆனால் கண் சொட்டு மருந்தில் அதே ஓடி வலது கண்ணையும் குறிக்கும்! இன்சுலினில் யூனிட்டுக்கு ‘யு’ என்ற ஒற்றை எழுத்தைப் போடவே கூடாது. 4-க்குப் பக்கத்தில் அது சுழியாகத் தெரிந்து 40 ஆகிவிடும், பத்து மடங்கு. மைக்ரோகிராமை மில்லிகிராமாகப் படித்தால் ஆயிரம் மடங்கு. இரண்டையும் முழுச் சொல்லாகவே எழுதுங்கள்.

ஆங்கில டீச்சர்:
‘இ.ஜி.’ நம் எ.கா.; ‘ஐ.இ.’ அதாவது. நேர்முகக் கடிதத்தில் “பத்திரங்கள், இ.ஜி. ஐசி” என்றிருந்தால் மற்றப் பத்திரங்களும் வேண்டும். ஐ.இ. என்றிருந்தால் ஐசி மட்டும் போதும்.

முகவரியில் சி/ஓ என்பது மே/பா., அதாவது மேற்பார்வை. முதல் வரியில் உங்கள் பெயர், அடுத்த வரியில் சி/ஓ போட்டுத் தோட்ட ஆபீஸ். ‘எல்டிஜி’ லாடாங் (தோட்டம்), ‘எஸ்ஜி’ சுங்கை (ஆறு). முகவரியில் வரும் ‘பிடி’ மட்டும் பத்துவாகவும் (கல்) புக்கிட்டாகவும் (குன்று) இருக்கலாம், அதை விரித்தே எழுதுங்கள். நம் ஊர்ப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும் ‘யு’ உத்தாரா, வடக்கு. அஞ்சல் குறியீடு 31100-ஓடு அதையும் சேர்த்து எழுதுங்கள்.