துபாய் வெயிலுக்கும் ஆல்ப்ஸ் பனிக்கும் ஒரே ஜீன்ஸா?

அல்சூர் மல்லிகா:
நேற்று சீனு சார் இந்தக் குழுவில் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஜூனில் துபாயும் சுவிட்சர்லாந்தும் போகிற குடும்பத்துக்கு அவர் சொன்ன யோசனை இது: "ஒரு ஜீன்ஸ், ஒரு ஜாக்கெட் போதும். மற்றதெல்லாம் வீண் சுமை." போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். துபாயில் ஜூன் பகலில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகென் ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 570 மீட்டர். நம் பெங்களூரைவிடத் தாழ்வு. மறுநாளே யுங்ஃப்ராயோக் என்ற பனிமலைக் கணவாய், 3454 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். கீழே 20 இருந்தால் மேலே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். காற்று அடித்தால் இன்னும் மோசம். ஜீன்ஸ் பருத்தித் துணி. ஈரத்தைக் குடித்தால் லேசில் விடாது. காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை 25 மடங்கு வேகமாகக் கடத்தும். பனியில் ஈர ஜீன்ஸோடு பிள்ளையை நிறுத்தி வைப்பீர்களா?

பசவனகுடி சீனு:
மேடம், யுங்ஃப்ராயோக்குக்கு நாம் நடந்து ஏறப் போவதில்லை. 1912-லிருந்து ரயில் மேலே வரை போகிறது. இறங்கினால் கட்டடம், உள்ளே ஹீட்டர். வெளியே பனியில் நிற்பது அரை மணி நேரம், போட்டோவுக்கு. அதில் எங்கே ஜீன்ஸ் நனையும்? உள்ளே தெர்மல், அதுதான் குளிர் தாங்கும் உள்ளாடை; மேலே ஜீன்ஸ். முடிந்தது.

அல்சூர் மல்லிகா:
நேற்று தெர்மல் என்ற பேச்சே இல்லை. இன்றைக்கு எங்கிருந்து வந்தது?

பசவனகுடி சீனு:
குளிருக்குப் போகிறவர்களுக்குத் தெர்மலைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

அல்சூர் மல்லிகா:
சொல்ல வேண்டும். முதல் முறை போகிறவர்கள் நீங்கள் எழுதியதை அப்படியே நம்புவார்கள். போன வருஷம் குடகுப் பயணத்தில் ரெயின்கோட் வேண்டாம் என்று சொன்னவரும் நீங்கள்தான். அன்றைக்கு நனைந்தவர்கள் எல்லாம் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள்.

பசவனகுடி சீனு:
குடகில் நனைந்தது பஸ் தாமதமாக வந்ததால். பழைய கணக்கை இங்கே ஏன் எடுக்கிறீர்கள்?

தில்லி ராகவன்:
பெங்களூர்க்காரர்கள் குளிரைப் பற்றிப் பாடம் எடுப்பதைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறது. 15 டிகிரிக்கே குரங்குக் குல்லாய் போடுகிற ஊர் அது. அங்கே பதிவான ஆகக் குறைந்த வெப்பமே 7.8 டிகிரி, அதுவும் 1884-ல். நாங்கள் ஆர்.கே.புரத்திலிருந்து ஜனவரி மூடுபனியில், 4 டிகிரியில், ஜீன்ஸோடு ஸ்கூட்டர் ஓட்டி ஆபீஸ் போனவர்கள். ஜீன்ஸ் போதும். சீனு சொல்வது சரி.

அல்சூர் மல்லிகா:
ராகவன் சார், தில்லிக் குளிரை யார் குறைத்துச் சொன்னது? நான் சொல்வது ஈரத்தை. மூடுபனியில் உங்கள் ஜீன்ஸ் முழங்கால் வரை நனையுமா? பனியில் பிள்ளைகள் உட்காருவார்கள், உருளுவார்கள், அள்ளி எறிவார்கள். உடம்புச் சூட்டில் அது உருகித் துணியில் இறங்கும். பெரியவர்கள் போட்டோ எடுத்துவிட்டு உள்ளே வந்துவிடலாம். பிள்ளைகள் வருவார்களா?

மாட்டுங்கா கணேஷ்:
மல்லிகாக்கா சொல்வதுதான் சரி. மும்பையில் ஜூலையில் நனைந்த ஜீன்ஸைக் கொடியில் போட்டுப் பாருங்கள், இரண்டு நாளானாலும் இடுப்புப் பட்டை காயாது. ஆல்ப்ஸில் கோடைதான் மழைக்காலமும். இன்டர்லாகெனில் மழை அதிகம் பெய்வதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில். ஆனால் ஒன்று, ரெயின்கோட் வேண்டாம். குடைதான் நல்லது.

அல்சூர் மல்லிகா:
மலைக் காற்றில் குடையா? மடங்கிவிடும் தம்பி. தொப்பியோடு வரும் மெல்லிய ரெயின் ஜாக்கெட்தான் வேண்டும். காற்றையும் தடுக்கும்.

மாட்டுங்கா கணேஷ்:
மும்பைக் காற்றைத் தாங்குகிற குடை எல்லாக் காற்றையும் தாங்கும். குடையைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம் அக்கா.

ஒயிட்ஃபீல்ட் பிரியா:
எல்லாருக்கும் வணக்கம். அந்தக் குடும்பம் நாங்கள்தான். அம்மாவும் வருகிறார். புடவை தவிர வேறெதுவும் உடுத்த மாட்டார். அவருக்கு என்ன செய்வது? சாப்பிட என்ன எடுத்துப் போகலாம்?

தில்லி ராகவன்:
நெய் மைசூர்பாக்கு ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். கெடாது, பசி தாங்கும்.

அல்சூர் மல்லிகா:
பிரியா, மைசூர்பாக்கை எடுக்காதே. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக சுவிட்சர்லாந்தில் அனுமதி இல்லை. நெய்யும் அதில் சேர்த்திதான். பருப்புப் பொடி, அவல், அப்பளம் எடுத்துக்கொள். புளிக்காய்ச்சலைப் பெரிய பெட்டியில் வை; கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விட மாட்டார்கள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான்.

அம்மாவுக்கு: பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், ரவிக்கைக்குள் முழுக்கைத் தெர்மல். மேலே கம்பளி ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். மலைக்குப் போகும் நாளில் சின்தடிக் புடவை, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டட்டும். கரை நனைந்தாலும் சீக்கிரம் காயும். கம்பளி சாக்ஸ், அடிப்பாகம் வழுக்காத ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம். மேலே ஐஸ் மாளிகையில் தரையே பனிக்கட்டி, கையைப் பிடித்துக் கூட்டிப் போ. அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், மெதுவாக நடக்கட்டும். இதய நோய் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள். கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன் எல்லாருக்கும் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும், பனி அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும்.

துபாய்க்குப் பருத்திப் புடவைதான் சுகம். ஆனால் மால்களில் ஏசி நடுங்கவைக்கும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.

பசவனகுடி சீனு:
ஆக, புடவைக்குள்ளே தெர்மல் போட்டால் சரி, ஜீன்ஸுக்குள்ளே போட்டால் தப்பு. நல்ல நியாயம்.

அல்சூர் மல்லிகா:
சின்தடிக் புடவை காயும், ஜீன்ஸ் காயாது. எத்தனை முறை சொல்வது? எடையையும் பாருங்கள். ஒரு ஜீன்ஸ் அரைக் கிலோவுக்கு மேல். கைப்பைக்குப் பல விமானங்களில் 7 கிலோதான். அந்த எடையில் மலையேறுகிறவர்கள் போடுகிற மெல்லிய பேன்ட் இரண்டு எடுக்கலாம். துபாயிலும் போடலாம், தெர்மலுக்கு மேலும் போடலாம், ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும்.

பசவனகுடி சீனு:
சுவிஸ்காரர்களே ஜீன்ஸ்தான் போடுகிறார்கள்.

அல்சூர் மல்லிகா:
ஜூரிக் டிராமில் போடுவார்கள். பனிமலைக்குப் போகும்போது போடுகிறார்களா என்று பாருங்கள்.

தில்லி ராகவன்:
நானும் மணாலி பனியில் ஜீன்ஸோடுதான் விளையாடினேன். ஒன்றும் ஆகவில்லை.

அல்சூர் மல்லிகா:
மணாலியில் பனிக்குப் போகிற வழியெல்லாம் வாடகைக்கு ஸ்னோ சூட் தருவார்களே, அதைப் போடாமலா போனீர்கள்?

தில்லி ராகவன்:
போட்டேன். உள்ளே ஜீன்ஸ்தான்.

மாட்டுங்கா கணேஷ்:
குடையைப் பற்றி நான் சொன்னதற்கு யாரும் சரியான காரணம் சொல்லவில்லை.

ஒயிட்ஃபீல்ட் பிரியா:
தெர்மல் இங்கேயே வாங்கலாமா, அங்கே போய் வாங்கலாமா?

பசவனகுடி சீனு:
இங்கேயே வாங்குங்கள், அங்கே விலை கொள்ளை. அதை வாங்கி ஜீன்ஸுக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கும் அதே போதும். நான் சொன்னதிலிருந்து மாறவில்லை.

அல்சூர் மல்லிகா:
பிரியா, இங்கேதான் வாங்க வேண்டும், ஆனால் பிள்ளைகளுக்கு ஜீன்ஸ் மட்டும் வைக்காதே. சனிக்கிழமை கமர்ஷியல் ஸ்ட்ரீட் போகிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, ஷூவை சாக்ஸோடு போட்டுப் பார்த்தே வாங்கிவிடலாம்.