மறு: பிரஷர் வாஷரின் ‘அன்லோடர் வால்வு’ – தமிழில் என்ன எழுதலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முழுதாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தண்ணீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷருக்குத் தமிழில் கையேடு எழுதுகிறோம்; அதன் ‘அன்லோடர் வால்வு’க்குப் ‘பளுவிறக்கு வால்வு’, ‘மடைமாற்றி’, ‘அழுத்தச் சீராக்கி’ என்ற பெயர்கள் இழையில் வந்திருக்கின்றன. பராமரிப்புக் கையேட்டின் மற்ற சொற்களில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. இந்த ஒரு வால்வில் மட்டும் பிடிவாதமாக நிற்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘அன்லோடர்’ என்றால் பளுவை இறக்குவது. ‘பளுவிறக்கு வால்வு’ என்பதில் என்ன தவறு?

சொல்லில் தவறில்லை. ஆனால் கையேட்டைக் கையில் வைத்திருக்கப்போவது வீட்டில் மெஷின் வைத்திருப்பவரும், மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரரும். பட்டறையில் ‘லோடு’ என்றாலே கரண்டு சமாச்சாரம்தான். ‘ஓவர்லோடில் டிரிப் ஆகிறது’ என்றுதான் அங்கே பேச்சு. ‘பளுவிறக்கு வால்வு பழுது’ என்று அச்சிட்டால் அவர் முதலில் கெப்பாசிட்டரைத்தான் கழற்றுவார்.

அந்த வால்வு செய்வது என்ன? கையில் பிடித்துப் பீய்ச்சும் கன்னின் விசையை (டிரிக்கரை) விட்டதும் தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. மோட்டார் ஓடும்வரை பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீரோ அமுங்கிக் கொடுக்காது; ஹோஸையோ, கசிவைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தையோ பிய்த்துக்கொண்டு போகும். அதற்கு இடம் கொடுக்காமல், வெளிவாய்க்கு வந்த தண்ணீரை மறுபடி உள்வாய்ப் பக்கமே இந்த வால்வு திருப்பிவிடுகிறது. மோட்டாரின் பளு குறைவது அதன் விளைவு, அவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் டிரம்மிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஏதாவது ஒரு வாட்டர் சர்வீஸ் கொட்டகையில் பத்து நிமிடம் நில்லுங்கள். பெல்ட் போட்ட மூன்று பிஸ்டன் பம்பு; பக்கத்தில் பிளாஸ்டிக் டிரம். பையன் கன்னை மூடியதும், ரிட்டர்ன் ஹோஸ் ஒரு துள்ளு துள்ளி, தண்ணீரை டிரம்முக்குள் கொட்டும். கன்னைத் திறந்ததும் அந்த ஹோஸ் தளர்ந்து தொங்கும். வீட்டு மெஷினில் டிரம்மும் கிடையாது, ரிட்டர்ன் ஹோஸும் கிடையாது. அதே சுற்று பம்பின் தலைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. கொஞ்சூண்டு தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றுவதால் சில நிமிடங்களில் சூடேறி சீல்கள் கெடும். (விசையை விட்டதும் மோட்டாரே நின்றுபோகும் வகை மெஷின்களில் இந்தத் தொல்லை இல்லை.)

> ‘மடைமாற்றி’ கவித்துவமாக இருக்கிறது. கையேட்டுக்கு ஒத்துவருமா?

கவித்துவமா? ஒரு பாத்தி நிறைந்ததும் மண்வெட்டியால் வாய்க்காலை மறித்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்புகிறவரிடம் கேளுங்கள், மடை மாற்றுகிறேன் என்பார். வயலையே பார்க்காதவர்கூட ‘நிதி மடைமாற்றம்’ என்று செய்தித்தாளில் படிக்கிறார். தண்ணீர் நிற்கவில்லை, வழி மாறுகிறது என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஆனாலும் ‘மடைமாற்றி’ என்று தனியாக நிற்க வேண்டாம். மின்மாற்றி மாதிரி ஒரு பெட்டியை நினைத்துக்கொள்வார்கள். ‘மடைமாற்று வால்வு’ என்போம். வால்வு என்பதற்கே ஓரதர், கவாடம் என்று தமிழ்ச் சொற்கள் இருப்பது தெரியும். கடையில் போய் ஓரதர் கேட்டால் என்ன கிடைக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

> திருகை இறுக்கினால் அழுத்தம் கூடும்தானே? அப்படியானால் ‘அழுத்தச் சீராக்கி’ என்றே சொல்லிவிடலாமே.

இந்தப் புரிதல்தான் மெஷினைக் கெடுக்கிறது. தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசில் தேய்ந்து துளை பெரிதானால் பாய்ச்சலின் வேகம் குறையும். உடனே வால்வின் திருகை இறுக்குவார்கள். பம்பு தள்ளும் தண்ணீரின் அளவு அதேதான், துளைதான் பெரிதாகிவிட்டது. அழுத்தம் எங்கிருந்து திரும்பும்? எந்த அழுத்தத்தில் தண்ணீர் வழி மாற வேண்டும் என்பதைத்தான் திருகு தீர்மானிக்கிறது. இறுக்க இறுக்க அந்த எல்லை மேலே போகும். அப்புறம் விசையை விடும் நொடியில் பம்புக்கு விழும் அடி பலமாக இருக்கும். ‘சீராக்கி’ என்று பெயர் வைத்தால், இறுக்கிப் பார் என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி. ‘மடைமாற்று’ என்று இருந்தால் கை சற்றுத் தயங்கும்.

> இலங்கையில் நாங்கள் பம்பைப் பம்பி என்றும் அழுத்தத்தை அமுக்கம் என்றும் சொல்கிறோம்.

சரி, பின்னிணைப்பில் இரண்டையும் சேர்த்துவிடலாம். தேடுகிறவருக்குக் கிடைத்தால் போதும்.

சூடேறிய தண்ணீரைச் சுமார் 60 டிகிரி செல்சியஸில் வெளியே துப்பும் சிறிய வால்வுக்கு சொல் அட்டவணையில் ‘வெப்பத் தணிப்பு வால்வு’ என்று வந்திருக்கிறது. அது எதையும் தணிப்பதில்லை, சூட்டு நீரை வெளியேற்றிக் குளிர்ந்த நீருக்கு வழிவிடுகிறது. ‘வெப்ப வடிகால் வால்வு’ போதும். ‘கலிங்கு’ என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் கலிங்கு வழிவது ஏரியின் மட்டத்தைப் பொறுத்து. இது சூட்டைப் பொறுத்து.

மெஷினின் பெயருக்கு ‘உயரழுத்தக் கழுவி’ என்பதை ஆதரிக்கிறேன். ‘வாஷர்’ என்று விட்டால் ‘வாஷரின் வாஷரை மாற்றவும்’ என்று எழுத வேண்டிவரும். ஜெர்மனியின் கெர்ஷர் நிறுவனம் 1950-இல் தன் வெந்நீர் உயரழுத்தக் கருவியைக் கொண்டுவந்தது. அங்கே பேச்சுவழக்கில் நிறுவனத்தின் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது. நமக்கு அந்த இடத்தில் ‘வாட்டர் வாஷ்’ உட்கார்ந்திருக்கிறது, அதை யாரும் நகர்த்த முடியாது.

பழுது அத்தியாயத்தில் இந்தச் சொற்களைப் போட்டு எழுதிப் பார்த்தேன்:

“கழற்றும் முன் மின் இணைப்பையும் குழாயையும் மூடி, விசையை ஒருமுறை அழுத்தி உள்ளே தங்கிய அழுத்தத்தை விடவும்.

அழுத்தம் ஏறி இறங்கித் துடித்தால் மடைமாற்று வால்வைத் தொடுவதற்கு முன் நாசிலின் அடைப்பையும் உள்வாய் வடிகட்டியையும் பார்க்கவும். காற்று இழுக்கிறதா என்றும் பார்க்கவும்.

தானாக நிற்கும் வகை மெஷினில், கன் மூடியிருக்கும்போதும் மோட்டார் சில நொடிகளுக்கு ஒருமுறை உறுமி நின்றால் அழுத்தப் பக்கத்தில் கசிவு இருக்கிறது. ஹோஸ் இணைப்பின் ஓரிங்கையும் (ரப்பர் வளையம்) கன்னையும் பார்த்துவிட்டு, பிறகு பம்பின் வால்வுகளுக்கு வரவும்.

போர் தண்ணீர் பயன்படுத்தும் வீடுகளில் மடைமாற்று வால்வின் தண்டில் உப்புப் படிந்து இறுகும். சுத்தம் செய்து, ஓரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் தடவிப் பொருத்தவும்.

பம்பு ஆயில் வெண்மையாகக் கலங்கியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீல் மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை.”

வாசித்துப் பாருங்கள், எங்கேயாவது இடறினால் சொல்லுங்கள். நாசிலுக்கு வந்த ‘பீச்சுமுனை’ எனக்குப் பிடித்திருக்கிறது. அட்டவணையில் அது இருக்கட்டும், அத்தியாயத்தில் நாசிலாகவே போகட்டும்.

அன்புடன்.