மேப்பிள் பாணி: சாற்றை வடித்துக் காய்ச்சியும் போத்தலின் அடியில் மண்டி. ஏன்?

பின்வளவு:
இடம் ரொறன்ரோவுக்கு வடக்கே. 4 சீனி மேப்பிள், 1 சிவப்பு மேப்பிள். 60 லீற்றர் சாறு சேர்ந்ததும் முழுவதையும் கோப்பி வடிக்கும் கடதாசியால் வடித்த பிறகுதான் அடுப்பில் வைத்தேன். ஒரு வாளி வடிய அரை மணித்தியாலம் எடுத்தது. காய்ச்சி முடிய ஒன்றரை லீற்றருக்குக் கொஞ்சம் குறைவாகப் பாணி வந்தது. போத்தலில் விடும்போது லேசான கலங்கல். இரண்டு நாளில் அடியில் மண் நிறத்தில் மண்டி, நாக்கில் நறநற என்கிறது. இதைவிட நெருக்கமான வடி வேணுமா? இன்னொன்று: அடுத்த தடவைக்கு எடுத்த 20 லீற்றர் சாறு மூன்று நாளாக வெளியே நிற்கிறது. பால் கலந்த தண்ணீர் மாதிரி இருக்கு. வடித்தால் தெளியுமா?

மரத்தடி அடுப்பு:
முதலில் மண்டியைப் பார்ப்போம். அது சாற்றோடு வந்த அழுக்கு இல்லை, காய்ச்சும்போது உண்டானது. மேப்பிள் சாற்றில் கல்சியமும் மாலிக் அமிலமும் கரைந்து கிடக்கும். கரைந்து கிடப்பதை எந்தக் கடதாசியும் பிடிக்காது. தண்ணீர் வற்றி நாற்பதில் ஒரு பங்காகும்போது அவை கல்சியம் மாலேற்றாகப் பிரிந்து படியும். இங்கே சீனி மணல் என்று சொல்வது இதைத்தான். சட்டியின் அடியில் கெட்டியாகப் பிடிப்பதும் அதுவே (அதை எடுக்க, வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஒரு இரவு ஊறவிடுங்கள், சுரண்டாதீர்கள்). எவ்வளவு படியும் என்பது மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் மாறும். வயிற்றுக்குத் தீங்கில்லை.

ஆகவே சாற்றுக்கு நெருக்கமான வடி தேவையில்லை. பட்டைத் துண்டு, எறும்பு, வாளிக்குள் விழும் அந்துப்பூச்சி, இவ்வளவும் போனால் சரி. ஊரில் கள்ளு வடிக்கும் பன்னாடையின் இழை அளவு போதும். வாளியிலிருந்து பெரிய பாத்திரத்துக்கு ஊற்றும்போதே மெல்லிய துணியை இரண்டாக மடித்துப் பிடித்தால் ஒரு வாளிக்கு ஒரு நிமிடம் ஆகாது. துணியை வாசனைச் சோப்பில் தோய்க்கவேண்டாம். வெறும் கொதிநீரில் அலசுங்கள்.

நெருக்கமான வடி பாணிக்குத்தான். அதுவும் கொதி அடங்க முதல், 82 பாகைக்குக் கீழே இறங்க விடாமல் வடிக்கவேணும். ஆறினால் பாணி தடித்து வடியிலேயே நின்றுவிடும். கோப்பிக் கடதாசி அதற்கு ஒருபோதும் சரிவராது. மேப்பிள் சாமான் விற்கும் கடையில் கம்பளி போலத் தடித்த செயற்கை இழைக் கூம்பும், அதற்குள் போடும் மெல்லிய முன்வடிகளும் கிடைக்கும். மூன்று முன்வடிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, எல்லாவற்றையும் கொதிநீரில் நனைத்து, நீர் சொட்டி முடிந்ததும் பாணியை ஊற்றுங்கள். நனைக்காவிட்டால் வடியே பாணியைக் குடிக்கும். மேல் முன்வடி அடைத்ததும் அதில் நிற்கும் பாணியை அடுத்ததற்குள் கவிழ்த்துவிட்டு வெளியே எடுக்கலாம். பிழிய மட்டும் கூடாது. பிழிந்தால் மணல் மறுபக்கம் வந்துவிடும். கூம்பை முறுக்கினால் இழையும் அறும். கழுவச் சுடுநீர் மட்டும்.

கரண்டியும் கணக்கும்:
மேலே சொன்னது சரி, ஆனால் நறநறப்பு எல்லாம் சீனி மணல் ஆகாது. ஒரு கரண்டி மண்டியை ஒரு கோப்பைச் சுடுநீரில் போட்டுக் கலக்குங்கள். கரையாமல் சேறு மாதிரி அடியில் நின்றால் சீனி மணல். பெரிய மணிகளாக, இனிப்பாக இருந்து கரைந்துபோனால் அது சீனிப் பளிங்கு. பாணி அளவுக்கு மிஞ்சி வற்றியிருக்கு. எத்தனை பாகையில் இறக்கினீர்கள்? அன்றைக்கு உங்கள் அடுப்பில் வெறும் தண்ணீர் எத்தனையில் கொதித்தது?

பின்வளவு:
104 பாகையில் இறக்கினேன். இன்று தண்ணீர் வைத்துப் பார்த்தேன், 99இல் கொதிக்குது. மண்டியில் பெரும்பகுதி கரையவில்லை. சில பெரிய மணிகள் கரைந்தன.

கரண்டியும் கணக்கும்:
அப்போ இரண்டும் இருக்கு. தண்ணீர் கொதிக்கும் பாகைக்கு மேல் 4 பாகை, அதுதான் பாணிப் பதம், உங்களுக்கு 103. காற்றழுத்தம் மாறினால் கொதிநிலையும் மாறும் என்பதால் காய்ச்சும் நாளிலேயே தண்ணீரை வைத்துப் பார்க்கவேணும். கனடாவில் விற்கும் பாணிக்குச் சீனி குறைந்தது 66 பிரிக்ஸ் (நூறு கிராமில் 66 கிராம் சீனி) இருக்கவேணும். அதற்குக் கீழே போனால் பூஞ்சணம் பிடிக்கும். 5 பாகை கூடினால் 70ஐ நெருங்கும், பளிங்கு கட்டும். பாணி அளவையும் சரிபார்க்கலாம்: 86ஐச் சாற்றின் பிரிக்ஸால் வகுத்தால் ஒரு லீற்றர் பாணிக்கு எத்தனை லீற்றர் சாறு என்று வரும். 2 பிரிக்ஸ் சாறு என்றால் 43. உங்கள் 60 லீற்றருக்கு 1.4.

எல்லாப் போத்தலையும் ஒரே சட்டியில் கவிழ்த்து, ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் கொதிநீர் விட்டு மெல்லிய நெருப்பில் கொதிக்க வையுங்கள். மணி எல்லாம் கரைந்து 103 காட்டியதும் இறக்கி உடனே வடியுங்கள். வடித்த பாணியை 82 முதல் 85 பாகைக்குள் வைத்தபடி போத்தலில் விடவேணும். வடித்தபின் திரும்பக் கொதிக்க விட்டால் புதிதாக மணல் பிரியும், பட்ட பாடு வீண். கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, ஒரு நிமிடம் சரித்து வைத்தால் மூடியின் உட்புறத்துக்கும் சூடு படும்.

மரத்தடி அடுப்பு:
ஒன்று விட்டுப்போச்சு. ஒன்றரை லீற்றருக்குப் பெரிய கூம்பு வாங்கவேண்டாம், அதுவே நல்ல பங்கை உறிஞ்சிவிடும். இரண்டு முன்வடியைச் சல்லடையில் விரித்தாலே போதும். அதுவும் இல்லாவிட்டால் போத்தலை அசைக்காமல் ஒரு கிழமை விட்டு மேல் தெளிவை இறுத்தெடுங்கள். மிஞ்சும் கலங்கலைக் கஞ்சிக்கு விடலாம்.

பின்வளவு:
நன்றி. அந்த 20 லீற்றருக்கு என்ன செய்ய?

மரத்தடி அடுப்பு:
வடித்துத் தெளியாது. அந்தப் பால் நிறம் பற்றீரியா. ஊரில் கருப்பணி (பதநீர்) புளிக்காமல் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவோமே, இங்கே அந்த வேலையைக் குளிர்தான் செய்யவேணும்: 4 பாகைக்குக் கீழே, வாளியைச் சுற்றிப் பனி அள்ளிப் போட்டு, ஒரு நாளுக்குள் காய்ச்சினால் நல்லது. பகலில் 10 பாகை அடித்தால் மூன்று நாள் தாங்காது. இப்போ மோந்து பாருங்கள். புளித்த வாசம் இருந்தால், அல்லது கரண்டியில் தூக்கும்போது நூல்போல இழுபட்டால், மரத்தடியில் ஊற்றிவிடுங்கள். வெறும் கலங்கல் மட்டும் என்றால் இன்றே காய்ச்சுங்கள். பாணி கறுப்பாக, கடுமையான சுவையில் வரும். முதல் பாணியோடு கலக்கவேண்டாம்.

கரண்டியும் கணக்கும்:
சிவப்பு மேப்பிளின் வாளியை இனித் தனியாக வையுங்கள். அது சீனி மேப்பிளுக்கு முதலே மொட்டு விடும். மொட்டு வீங்கியபின் எடுக்கும் சாற்றில் வரும் வேண்டாத சுவையை எந்த வடியும் எடுக்காது. கிளை நுனியைப் பாருங்கள், வீங்கியிருந்தால் குழாயைக் கழற்றிவிடலாம்.